வேட்புமனு தள்ளுபடியாகாமல் இருக்க...

சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போகிறீர்களா? மக்களிடம் வாக்கு கேட்கும் முன், தாள்களைச் சரியாக வையுங்கள்.

● அறிவிக்கை வெளியான 7ஆம் நாளே மனு தாக்கலுக்குக் கடைசி நாள். நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 மணி வரை. அரசு விடுமுறையில் மனு வாங்கமாட்டார்கள். முதல் இரண்டு நாட்களிலேயே கொடுத்துவிட்டால், பிழை இருந்தாலும் திருத்த அவகாசம் கிடைக்கும்.

● மனுவுக்குப் படிவம் 2பி. சொத்து, கடன், வழக்கு விவரங்களுக்குப் படிவம் 26. இந்தப் பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றால் ‘இல்லை’ என்றே எழுதுங்கள்.

● அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அனைவரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்கவேண்டும்.

● உங்கள் ஓட்டு வேறு தொகுதியில் இருந்தால், வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலை இணையுங்கள்.

● டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000 ரூபாய். சாதிச் சான்றிதழை மறக்காதீர்கள்.

● தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை, மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தொடங்குங்கள்.

● கட்சி வேட்பாளர் என்றால், படிவம் ஏ, பி இரண்டும் கடைசி நாள் 3 மணிக்குள் போய்ச் சேரவேண்டும்.

● மனு கொடுத்ததும், பரிசீலனை நாளுக்கு முன்பே உறுதிமொழி எடுத்துவிடுங்கள்.

● முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுங்கள். தக்க காரணமின்றித் தவறினால் மூன்றாண்டு போட்டியிட முடியாது. தோற்றவருக்கும் இது பொருந்தும்.