பீடியை விட்டேன்... தூக்கம் போச்சு!

15 வருஷப் பீடிப் பழக்கத்தை விட்டு 6 நாள் ஆகிறது. ராத்திரி 2 மணிக்கே முழிப்பு தட்டிவிடுகிறது. மறுபடி பிடித்தால்தான் தூக்கம் வருமா?
— ஒரு வாசகர், வெள்ளிமலை, கல்வராயன் மலை

வேண்டவே வேண்டாம் ஐயா! நிகோடின் மூளையை உசுப்பிவிடுகிற பொருள், தூங்கவைப்பது அல்ல. பழகிய உடம்பு அதைத் தேடித்தான் உங்களை எழுப்புகிறது. முதல் வாரம்தான் கடுமை. பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் தூக்கம் திரும்பிவிடும். பீடி பிடிப்பதுபோலக் கனவு வந்தாலும் பயப்படாதீர்கள், அதுவும் வழக்கம்தான்.

உடனே கவனிக்கவேண்டியது டீ. பீடிப் புகை உள்ளே போய்க்கொண்டிருந்தவரை டீயிலுள்ள காஃபீனை ஈரல் வேகமாகக் கரைத்துவந்தது. இப்போது அந்த வேகம் குறைந்துவிட்டதால், அதே டீ ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும். மலைக் குளிருக்கு ஆறு கிளாஸ் குடிப்பவர் என்றால் மூன்றோடு நிறுத்துங்கள். மதியத்துக்குப் பிறகு தொடாதீர்கள்.

முழிப்பு வந்தால் பாயில் புரள வேண்டாம். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். கண் சொக்கினதும் போய்ப் படுங்கள். தலைமாட்டில் தீப்பெட்டி இருக்கக் கூடாது! மனசு தடுமாறினால், புகையிலைப் பழக்கத்தை விட்டொழிக்க உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் பகலில் பேசுங்கள். தமிழிலேயே வழி சொல்வார்கள்.