மீன் ஏன் இறந்தது?

காலையில் எழுந்து கண்ணாடித் தொட்டியருகே போகிறீர்கள். நேற்று இரவு தீனி போட்டபோது முந்திக்கொண்டு ஓடிவந்த கோமாளி மீன் இன்று மணலின்மேல் பக்கவாட்டில் கிடக்கிறது. செவுள்மூடி அசையவில்லை. மற்ற மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. நீரோ பளிங்குபோலத் தெளிவாக இருக்கிறது. என்ன நடந்திருக்கும்?

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தீனி அதிகமாகிவிட்டது என்பார் ஒருவர். தண்ணீர் மாற்றாததுதான் காரணம் என்பார் இன்னொருவர். மீன் கடைக்காரரைக் கேட்டால் ஒரு மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுத்து, "பத்துச் சொட்டு விடுங்கள், சரியாகிவிடும்" என்பார். அந்தப் புட்டியைத் திறக்குமுன் சற்றுப் பொறுங்கள். நான் பொறுக்காமல் திறந்தவன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊர்க் குளத்து மீன்கள் மழை, வெயில், சேறு எல்லாவற்றையும் பார்த்தவை. பவளத்திட்டுகளில் வாழும் மீன்கள் அப்படியல்ல. உப்பும் வெப்பமும் அதிகம் மாறாத பெரிய கடலே அவற்றின் வீடு. 200 லிட்டர் தொட்டியில் அதே நிலையைக் காப்பது எளிதன்று. மேலும், கடைகளில் விற்கும் கடல்மீன் வகைகளுள் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை அல்ல, கடலில் பிடிக்கப்பட்டவை. ஆகவே, "போனால் போகட்டும், இன்னொன்று வாங்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது. காரணம் அறியாமல் வாங்கும் இரண்டாவது மீனும் முதல் மீன் போன வழியிலேயே போகும்.

நோயாளி வந்தவுடன் மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார். நம் நோயாளிக்கு வாயிருந்தும் பேச்சில்லை. ஆனாலும் சில செய்திகளை அது விட்டுச் செல்கிறது. எல்லா மீன்களும் ஒரே இரவில் இறந்தனவா, அல்லது நாளுக்கொன்றாக இறந்தனவா? இரவிலா, பகலிலா? யார் பிழைத்தார்கள்? இறாலும் நத்தையும் நலமா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே பாதி வழி வந்துவிட்டோம் எனலாம். ஒரே சமயத்தில் பல வகை மீன்களும் தவித்தால் நீரைச் சந்தேகியுங்கள். ஒன்று நோயுற்று, பிறகு இன்னொன்று, பிறகு மற்றொன்று என்று பரவினால் தொற்றைச் சந்தேகியுங்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனால் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

முதலில் நீரைப் பார்ப்போம். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? விடியற்காலையில் இறந்தனவா? பெரிய மீன்கள் முதலில் போயினவா? அப்படியானால் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பத்தில் கடல்நீர் 6.7 மில்லிகிராம்தான் கொள்ளும். நீர் 30 டிகிரிக்குச் சூடேறினால் அது 6.2 ஆகக் குறையும். சூடு ஏற ஏற மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனோ கூடுகிறது! இரவில் பாசிகளும் ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிட்டு, மூச்சு மட்டும் விடுகின்றன. எனவே, தொட்டியில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் நேரம் விடியற்காலை. கோடைக்கால இரவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்று காற்றுப் பம்பு ஓயுமானால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மின்சாரம் திரும்பி வந்த பிறகு மீன்கள் இறப்பதும் உண்டு. மூடிய வடிகட்டிக்குள் நீரோட்டம் நின்றால் அங்குள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். நீண்ட நேரம் அப்படியே கிடந்தால் கழிவுகள் அழுகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைடிரஜன் சல்பைடும் உண்டாகலாம். மின்சாரம் வந்ததும் பம்பு அந்த நீரைத்தான் தொட்டிக்குள் தள்ளும். ஆகையால் வடிகட்டியைக் கழுவிய பிறகே ஓடவிட வேண்டும்.

அடுத்தது அம்மோனியா. புதுத் தொட்டிகளில் நிகழும் 'மர்மச் சாவு'களில் பல இதனால் வருபவைதாம். மீன்கள் தம் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அது உண்டாகிறது. அது நிறமற்றது. நீர் பளிங்குபோல இருக்கும்; மீன் செத்துக்கொண்டிருக்கும். அப்படியானால் கடலில் அம்மோனியா ஏன் பெருகுவதில்லை? 1877-ஆம் ஆண்டு ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு அறிவியலாளர்கள் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். பல நாள்கள் எந்த மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோபாம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுவிட்டது. வெறும் வேதிவினைக்கு மயக்க மருந்து எதற்கு? மணலில் உயிருள்ள ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பது உறுதியாயிற்று. 1890-இல் வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியங்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது மற்றொரு கூட்டம்.

உங்கள் வடிகட்டி அந்தக் குழாயேதான். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்திலேயே ஆறு மீன்களை விட்டால், சமையல்காரர் வருமுன் விருந்தினரை அழைத்த கதைதான். பழைய தொட்டியிலும் வடிகட்டியைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவினால் குளோரின் பட்டு அவை அழியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில்தான் அலச வேண்டும்.

கடல்நீரில் அம்மோனியா இன்னும் கொடியது. அது நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனி அதிகத் தீங்கு செய்யாது. கட்டற்ற அம்மோனியாதான் செவுள் வழியே உட்புகும் நஞ்சு. பி.எச். அளவு 7 உள்ள நன்னீரில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அந்தப் பங்கு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். வெகுதூரத்திலிருந்து பையில் வரும் மீன், பையைத் திறந்த சிறிது நேரத்தில் துடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பையில் மீன் விட்ட கரியமில வாயு நீரின் பி.எச்.சைக் குறைத்து வைத்திருந்தது. அதனால் அம்மோனியா சாதுவான வடிவில் இருந்தது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, சாது நஞ்சாக மாறுகிறது. அந்த மீன் நோயால் சாகவில்லை, வேதியியலால் செத்தது.

நைட்ரைட்டைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். நன்னீர் மீனின் இரத்தத்தை அது பழுப்பாக்கி மூச்சைத் தடுக்கும். கடல்நீரிலோ குளோரைடு மிகுதியாக இருப்பதால் செவுள் வழியே நைட்ரைட் நுழைவது வெகுவாகக் குறைகிறது. உப்பை மட்டும் அடிக்கடி அளந்து பாருங்கள். ஆவியாவது நீர்தான், உப்பு அன்று. 200 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் ஆவியானால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறத்தாழ 36.8 கிராம் ஆகிவிடும். குறைந்த நீருக்கு நன்னீரே ஊற்ற வேண்டும். கடல்நீரை ஊற்றி ஊற்றியே மீனை ஊறுகாயாக்கியவர்கள் உண்டு!

நீர்ச் சோதனை எல்லாம் சரியாக இருந்தும் எல்லா மீன்களும் சில மணி நேரத்தில் சுழன்று துள்ளி இறந்தால்? அப்போது அறையைச் சுற்றிப் பாருங்கள். யாராவது கொசு மருந்து அடித்தார்களா? கதவுக்கு வார்னிஷ் பூசினார்களா? கொசு மருந்துகளிலுள்ள பைரித்ராய்டுகள் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் அவ்வளவாகத் தீங்கு செய்யா. மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடிய நஞ்சு. காற்றுப் பம்பு அறைக் காற்றைத்தானே உறிஞ்சித் தொட்டிக்குள் செலுத்துகிறது?

மீன்கள் நலமாக இருக்க, இறாலும் நத்தையும் மட்டும் இறந்தால் செம்பைத் தேடுங்கள். பித்தளைக் குடத்தில் வைத்திருந்த நீரா? பம்பில் பித்தளை இணைப்பு உள்ளதா? தொட்டியில் காசு ஏதும் விழுந்ததா? இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளிலேயே செம்பு இருக்கிறது. ஆனால் நீரில் சிறிது அதிகமானாலும் அதே செம்பு அதைக் கொன்றுவிடுகிறது. இது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

இனி என் கதை. என் தொட்டி மூன்று மாதங்கள் நன்றாக நடந்தது. ஒரு நாள் வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றை வாங்கிவந்து நேரே தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் அது கல்லில் உடம்பைத் தேய்த்தது. துடுப்புகளில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். இரண்டு நாள் கழித்துப் புள்ளிகளைக் காணோம்! குணமாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். அடுத்த வாரம் எல்லா மீன்கள்மேலும் புள்ளிகள், நூற்றுக்கணக்கில்.

என்ன நடந்தது தெரியுமா? அந்தப் புள்ளிகள் கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ் என்னும் குற்றிழை உயிரி. அது மீனின் தோலுக்கடியிலும் செவுளிலும் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கிறது. பிறகு, பெரும்பாலும் இருட்டில், மீனைவிட்டுக் கழன்று அடியில் விழுகிறது. மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டி, அதற்குள் பலவாகப் பிளக்கிறது. ஒரு கூட்டிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளிவந்து மீனைத் தேடி நீந்தலாம். ஓரிரு நாள்களுக்குள் மீன் அகப்படாவிட்டால் அவை இறந்துவிடும். நான் 'குணம்' என்று நினைத்தது ஒட்டுண்ணியின் இடமாற்றம்!

நான் செய்த தவறு அத்துடன் நிற்கவில்லை. செம்பு கலந்த மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றினேன். செம்பு, நீந்தும் குஞ்சுகளைத்தான் கொல்லும். தோலுக்குள் இருப்பவற்றையும் கூட்டுக்குள் இருப்பவற்றையும் அது எட்டாது. அளவும் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை என்னும் குறுகிய எல்லைக்குள் வாரக்கணக்கில் நிற்க வேண்டும். என் தொட்டியில் சுண்ணாம்புக் கற்களும் கிளிஞ்சல் மணலும் செம்பை உறிஞ்சிக்கொண்டன. அளவு குறைந்தது, மேலும் ஊற்றினேன். இறால்கள் இறந்தன, கண்ணுக்கெட்டாத இடுக்கில் அவை அழுகின, அம்மோனியா ஏறியது. நான்காம் நாள் மீன்களும் ஒவ்வொன்றாக இறந்தபோது, ஒட்டுண்ணியால் செத்தது எது, அம்மோனியாவால் செத்தது எது, என் மருந்தால் செத்தது எது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. துப்புத் தடயங்களை நானே அழித்துவிட்டேன்.

வெள்ளைப் புள்ளியாவது கண்ணுக்குத் தெரியும். அமைலூடினியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி, 1931-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது, பெரும்பாலும் செவுளையே முதலில் தாக்கும். மீன் வேகமாக மூச்சு வாங்கும். பம்பின் நீரோட்டத்தை நோக்கி நிற்கும். தோலில் மெல்லிய மஞ்சள் தூசி படிவதற்கு முன்பே இரண்டு மூன்று நாளில் இறந்துபோகலாம். மூச்சிரைப்பு இருந்தும் அம்மோனியாச் சோதனையும் ஆக்சிஜனும் சரியாக இருந்தால் இதை நினைவுகொள்ளுங்கள்.

இறந்த மீனை உடனே எறிந்துவிடாதீர்கள். அதே சமயம் மாலைவரை வைத்திருந்தும் பயனில்லை. நம் ஊர் வெப்பத்தில் செவுள் சீக்கிரம் வெளுத்து அழுகிவிடும். கைகளில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே கூடாது, ஏனெனில் மீனிலிருந்து மனிதத் தோலுக்குத் தொற்றும் பாக்டீரியங்கள் உண்டு. கையுறை அணிந்து, உயிரியல் ஆசிரியரின் துணையுடன் செவுளின் ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு சொட்டுக் கடல்நீரில் வைத்துப் பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள். குற்றிழைகளுடன் மெல்லச் சுழலும் உருண்டை தெரிந்தால் வெள்ளைப் புள்ளி நோய். சுழலாமல் செவுளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புப் பேரிக்காய் போன்றவை அமைலூடினியம். எதுவுமே இல்லாமல் செவுள் தூய்மையாக இருந்தால் அதுவும் ஒரு செய்தியே: மறுபடியும் நீரையும் நஞ்சையும் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் விடை கிடைக்காத சாவுகளும் உண்டு. பிலிப்பைன்சில் 1960-களிலிருந்து பவளத்திட்டு மீன்களை சோடியம் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாகத் தோன்றி, சில வாரங்கள் கழித்து இறக்கக்கூடும். வாங்குமுன் மீன் எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாகக் கடையில் இருக்கிறது, கண்முன் தீனி தின்கிறதா என்று கேளுங்கள். வாங்கிய பிறகும் குறைந்தது நான்கு வாரங்கள் தனித்தொட்டியில் வைத்திருங்கள். நோய் வந்தால் அந்த வெறுந்தொட்டியில் மருந்திடலாம். கல்லும் மணலும் இறாலும் அங்கே இரா.

என் தொட்டியைப் பதினொரு வாரங்கள் மீனின்றி வைத்திருந்தேன். கிரிப்டோகேரியான் கூடுகள் பொதுவாக 3 முதல் 28 நாளில் திறந்துவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருப்பவையும் உண்டு. அதன்பின் ஒரு சங்கு நண்டை விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் அது ஓட்டைவிட்டு வெளியே வந்து இறந்துகிடந்தது. மீன்கள் இல்லை, ஒட்டுண்ணி இல்லை, அம்மோனியா சுழி. கற்கள் உறிஞ்சி வைத்திருந்த செம்பைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. சோதனைப் பெட்டியில் பார்த்தபோது அது தெரிந்தது. மணலையும் கற்களையும் வெளியே கொட்டிவிட்டேன். கற்கள் இப்போது கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் இடத்தருகே கிடக்கின்றன.