பத்து மணிக்குத் தொடங்கும் கூத்து

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பகல் ஷிப்ட் முடித்துவிட்டு இரவில் வேஷம் கட்டுகிறாய், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உன்னோடு வேலை பார்க்கும் பையன்களையும் தொரப்பள்ளிப் பக்கத்து மூத்த வாத்தியார்களையும் சேர்த்து ஒரு கூத்து ஜமா அமைத்திருக்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஜமாவைச் சங்கமாகப் பதிவு செய்யலாமா, அரசு விழா மேடையில் பதினைந்து நிமிடம் ஆடக் கூப்பிட்டால் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அரசின் கலைக் கொள்கை என்றதும் நம்மவர்களுக்கு விருதும் ஓய்வூதியமும்தான் நினைவுக்கு வருகின்றன. கூத்தை மிக அதிகமாகப் பாதிக்கிற கொள்கையோ கலை பண்பாட்டுத் துறையின் ஏட்டிலேயே கிடையாது. அது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2000-இல் கொண்டுவந்த ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இசைக்கருவிகளும் அதில் அடக்கம். திருவிழாக்களுக்காக மாநில அரசு தளர்த்தலாம். ஆனால் ஆண்டுக்குப் பதினைந்து நாள், அதுவும் நள்ளிரவு வரைதான்.

கூத்தை மனத்தில் வைத்து யாரும் இதை எழுதவில்லை. ஆனால் கணக்குப் பார். நம் பக்கம் ஊர்ச் சாப்பாடு முடிந்து, களரி கூடி, கட்டியங்காரன் வரும்போதே மணி பத்தாகிவிடும். கர்ணன் களத்தில் சாய்வது விடியலை ஒட்டி. பாரதத் திருவிழாவில் துரியோதனன் படுகளம் பொழுது விடிந்த பிறகு. விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் கூத்தில் மிஞ்சுவது ஒப்பனை மட்டும்தான்.

நடைமுறையில் கூத்து நடக்கத்தான் செய்கிறது. எப்படி? காவல் நிலையத்தின் தயவில். ஒரு ஊரில் கண்டுகொள்ள மாட்டார்கள். அடுத்த ஊரில் பாதிக் கதையில் மைக்கை நிறுத்தச் சொல்வார்கள். இந்தப் பயத்தில் வாத்தியார்கள் தாங்களே கதையைச் சுருக்குகிறார்கள். முதலில் போவது விருத்தம், அடுத்தது தர்க்கம். சண்டையும் ஆட்டமும் மிஞ்சுகின்றன. பொன்னுருவி கர்ணனோடு வாதாடுவதைக் கேட்காத ஒரு தலைமுறை வளர்ந்தால், கூத்து என்றாலே குதிப்பது என்றுதான் அது நம்பும். என்னை வருத்துவது இதுதான்.

எல்லைக்கு அந்தப்புறம் யட்சகானத்துக்கும் இதே கதி வந்தது. தென் கன்னடத்தில் கட்டீல் துர்காபரமேசுவரி கோயிலின் யட்சகானக் குழுக்கள் 2022-இல் இந்த விதிக்காக இரவாட்டத்தை விட்டு, மாலையில் தொடங்கி இரவு பத்தரைக்குள் முடிக்க முடிவெடுத்தன. பக்தர்கள் ஏற்கவில்லை. வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போய், பிறகு விடிய விடிய ஆட வழி பிறந்தது. பின்னால் பெரிய கோயில் இருந்ததால் அது செய்தியானது. நம் ஜமாக்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

வேறு எதற்கோ போட்ட உத்தரவு கலைஞன் தலையில் விழுவது புதிதல்ல. உங்கள் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணத்தை ஆண்டபோது, 1937-இல், முதல் மதுவிலக்கு சேலம் மாவட்டத்தில்தான் வந்தது; ஓசூரும் அன்று அதில் சேர்ந்திருந்தது. குறைந்த வருவாயை ஈடுகட்ட அரசு புது வரிகளைத் தேடிய காலம் அது. 1939-இல் கேளிக்கை வரிச் சட்டம் பிறந்தது. பின்னாளில் பாரதக் கதையை வியாசர் விருந்து என்று எழுதிய கைதான் அந்த அரசையும் நடத்தியது. ஆகவே கலையை நேசிப்பவர் ஆட்சியில் இருந்தாலே போதும் என்று இருந்துவிடாதே.

நேராகக் கலைஞனைக் குறிவைத்த சட்டமும் உண்டு. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தால் எழுந்த கொந்தளிப்பில் 1954-இல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தால், கதை வசனத்தை முன்கூட்டியே காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டார். 2013-இல் நீதிபதி சந்துரு அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தார். இடையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! எத்தனையோ குழுக்கள் முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சட்டத்துக்குப் பணிந்து போயின. ஒரே ஒரு நாடகக்காரர் சட்டத்தைப் படித்து, மனு எழுதினார்.

இனி உன் கேள்விகள். பதிவு செய். 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஆண்டுதோறும் கணக்கு எழுதித் தணிக்கை செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் விட்டுவிடாதே. உன்னைச் சுற்றி இத்தனை ஆலைகள். கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், மரபுக்கலைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அமைப்பு பதிவாகி, வருமான வரிச் சான்றுகள் வைத்திருந்து, மூன்று ஆண்டுப் பணியும் காட்டினால்தான் பணம் வரும். வேப்பமரத்தடி ஜமாவுக்கு இது எட்டாது. அதனால் இன்றே தொடங்கு. சங்கத்துக்கு முன்னால், முகவீணைக்காரரையும் மிருதங்கக்காரரையும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினர் ஆக்கு. 2007-இல் வந்த வாரியம்; நம் பெரியவர்கள் பலர் இன்னும் அந்தப் பக்கமே போகவில்லை.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஆடுகிறவர்களையும் சேர்த்துக்கொள். தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் தென் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் பொது. பெங்களூரில் 1993-இல் தொடங்கிய கலைகளுக்கான இந்திய அறக்கட்டளை அரசு சாராத நல்கை தருகிறது. உங்களுக்கு அது சென்னையைவிடப் பக்கம்.

அரசு மேடைக்குப் போ. சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கி, 2011 ஆட்சி மாற்றத்தோடு நின்று, 2023-இல்தான் திரும்பி வந்தது. ஆகவே அதை நம்பிக் கடன் வாங்காதே. சம்பளம், வண்டி, சாப்பாடு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. பதினைந்து நிமிடக் கூத்தை அங்கேயே விட்டுவிட்டு வா. ஊர்க் களரிக்கு அதைக் கொண்டுவராதே.

கடைசியாக அந்தப் பத்து மணிக்கு வருகிறேன். ஷிப்ட் முடித்துப் படுப்பவரின் தூக்கமும் நியாயமானது. அது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழாய் ஸ்பீக்கரைக் கழற்று, பெட்டிகளைச் சபையைப் பார்த்துத் தாழ்வாக வை. அதைச் செய்துவிட்டு, மாவட்டத்திலுள்ள ஜமாக்களைக் கூட்டி, மாசி பிறப்பதற்குள் கலெக்டருக்கும் கலை பண்பாட்டுத் துறைக்கும் மனு கொடுங்கள். அந்தப் பதினைந்து நாளைக் கூத்துக் காலத்துக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். விடிய விடிய ஆடும் மரபுக்கலைகளுக்கு மணிக்கணக்கை விட்டு ஒலி அளவை மட்டும் வரம்பாக்கும்படி மத்திய அரசுக்கு எழுதச் சொல்லுங்கள். மனுவின் நகலை எனக்கு அனுப்பு, நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்