துரை பங்களாவில் கிடைத்த துடுப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் பழைய கிரிக்கெட் துடுப்பு ஒன்று விற்பனைக்கு வந்தால், கூடவே ஒரு கதையும் வரும். "கோப்பிக் காலத்துச் சாமான், பெரிய துரை விளையாடினது" என்பார்கள். அந்தக் கதையை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. அதைவிட வருத்தம் தருவது, உண்மையாகவே பழைய துடுப்பை வாங்கி, உப்புத்தாள் போட்டு உரசிப் பளபளப்பாக்கி, அதன் அடையாளத்தையே அழித்துவிடுவது. இரண்டுக்கும் காரணம் தவறான நம்பிக்கைகள்தான்.

நம்பிக்கை: பங்களாவில் இருந்தது என்றால் அது வெள்ளைக்காரன் காலத்து, 19ஆம் நூற்றாண்டுத் துடுப்பு.

கொழும்பில் 1832இலேயே கிரிக்கெட் சங்கம் இருந்தது. கோப்பி பயிரிட மலை ஏறிய துரைமார் விளையாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆகவே ஊவாவில் அந்த நூற்றாண்டுத் துடுப்பு கிடைக்கவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பங்களாக்களில் துரைமார் குடியிருந்தது 1900உடன் முடிந்துவிடவில்லை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போகும்வரை ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிய துரை புதிய துடுப்போடு வந்தார். பங்களாவில் விட்டுப்போன சாமான்களில் 1930களில் வாங்கியதும் இருக்கும், 1960களில் வாங்கியதும் இருக்கும்.

அளவெடுத்து வயது சொல்வோரும் இருக்கிறார்கள். அது உதவாது. துடுப்பின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 1771இல் எழுந்தது. விக்கெட்டை முழுதாக மறைக்கும் அகலத்தில் ஒருவர் துடுப்போடு வந்து நின்றதுதான் காரணம். நீளம் 38 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 1835இல் வந்தது. இரண்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. போன வருடம் கடையில் வாங்கியதும் இந்த அளவுக்குள்தான் வரும்.

பார்க்க வேண்டிய இடம் கைபிடி. ஆரம்ப காலத்தில் கைபிடியும் அலகும் ஒரே மரத்தில் செதுக்கப்பட்டன. பிறகு தனிக் கைபிடியை அலகுக்குள் ஆப்புப்போல் இறக்கி ஒட்டினார்கள். பிரம்புக் கைபிடி பரவியது 1850களுக்குப் பிறகு. அடி விழும்போது கை அதிராமலிருக்கப் பிரம்புகளுக்கு நடுவே திமிங்கிலத்தின் வாயெலும்பையோ ரப்பர் பட்டையையோ வைத்தார்கள். கைபிடியில் சுற்றிய நூல் அவிழ்ந்திருந்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். சுற்றியிருந்தால் அவிழ்த்துப் பார்க்காதீர்கள். அந்த நூலும் சாட்சிதான்.

அடுத்தது முத்திரை. கன் அண்ட் மூர் நிறுவனம் நொட்டிங்ஹாமில் தொடங்கியது 1885இல். எச். ஜே. கிரே நிறுவனம் 1855ஐச் சேர்ந்தது, எல். ஜே. நிக்கல்ஸ் 1876ஐச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றானது 1940களில். ஆகவே அலகில் 'கிரே நிக்கல்ஸ்' என்று இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால், விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் அது 19ஆம் நூற்றாண்டுப் பொருள் அல்ல. சிலவற்றில் பிரித்தானிய வடிவப் பதிவு எண் இருக்கும். இந்த வரிசை 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கி, 1900 பிறக்கும்போது மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த எண் சொல்வது வடிவம் பதிவான ஆண்டை மட்டுமே. அதே வடிவத்தில் பல வருடம் கழித்தும் துடுப்பு செய்திருக்கலாம்.

நம்பிக்கை: ஒரே மரத்தில் செதுக்கியது என்றால் ஆகப் பழையது.

இங்கிலாந்தில் இருந்து வந்த துடுப்புக்கு இது ஓரளவு பொருந்தும். தோட்டத்துக்குப் பொருந்தாது. வில்லோ மரம் நம் மலைகளில் துடுப்புக்காக வளர்க்கப்படவில்லை. நல்ல துடுப்பு என்றால் கப்பலில் வரவேண்டும். அதை வாங்க வசதியில்லாத லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பலகையே துடுப்பு. அப்படி ஒரே பலகையில் வெட்டியது ஐம்பது வருடத்துக்கு உட்பட்டதாகவும் இருக்கலாம். மரத்தை அடையாளம் காணத் தெரிந்த தச்சரிடம் காட்டுங்கள். சபுக்கா, பலாவா, வில்லோவா என்று தெரிந்தாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: கறுத்திருந்தால் பழையது.

1890களுக்கு முன் மரத்தின் சிவந்த உட்பகுதியில் அலகு செய்தார்கள், பிறகுதான் வெளிறிய வெளிப்பகுதிக்கு மாறினார்கள் என்பது உண்மை. ஆனால் ஆளிவிதை எண்ணெய் பூசிப் பூசி வைத்த துடுப்பும் கறுக்கும். தேயிலைச் சாயத்தை நாலு தரம் பூசினாலும் கறுக்கும். ஊவாவில் சாயத்துக்கா பஞ்சம்? வேண்டுமென்று நிறமேற்றிய மரத்தில் விரிசலுக்குள்ளும், அடிபட்டுக் குழிந்த தழும்புக்குள்ளும் ஒரே நிறம் ஓடும். உண்மையான பழசில் கைபட்ட இடம் ஒரு நிறம், பந்து பட்ட இடம் ஒரு நிறம், தரையில் ஊன்றிய நுனி வேறொரு நிறம்.

நம்பிக்கை: உருண்டைத் துடுப்பு கிடைத்தால், அது அன்றைக்கு வந்த அமெரிக்கர்கள் விட்டுப்போன பேஸ்போல் மட்டை.

அமெரிக்கர்கள் வந்தது உண்மை. விளையாட்டுச் சாமான் வியாபாரியான ஆல்பர்ட் ஸ்போல்டிங் இரண்டு அணிகளை உலகம் சுற்றிக் கூட்டிப்போனார். அவர்கள் 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு எகிப்துக்குக் கப்பல் ஏறினார்கள். 1914இல் இன்னும் இரண்டு அமெரிக்க அணிகள் கொழும்புக்கு வந்தபோது, ஹப்புத்தளை தம்பத்தென்னையில் தோட்டம் வைத்திருந்த தாமஸ் லிப்டன் அவர்களை உபசரித்தார். ஆனால் ஆட்டம் நடந்தது இரண்டு முறையும் கொழும்பில்தான். 1889இல் ரயில் பாதை நானுஓயாவோடு நின்றிருந்தது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அந்த மட்டைகள் ஊவாவுக்கு ஏறி வந்தன என்று சொல்ல ஒரு கடிதமாவது வேண்டும்.

மட்டையே பொய்யைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். 'லூயிவில் ஸ்லக்கர்' என்ற பெயர் பதிவானது 1894இல். 'ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி' என்று சேர்த்து எழுதியிருந்தால் அது 1916க்குப் பிந்தையது. நீளமான மூங்கில் தடி என்றால் அமெரிக்காவுக்குப் போகவே வேண்டாம். அது எல்லே ஆட்டத்துக் கோல்.

நம்பிக்கை: உரசி எண்ணெய் போட்டால் மதிப்புக் கூடும்.

சேகரிப்பவர் கையில் நடக்கும் பெரிய நாசம் இதுதான். உரசும்போது முதலில் போவது முத்திரை, அடுத்தது பெயர் எழுதிய மை, அப்புறம் பந்துத் தழும்பு. இவை மூன்றும் போனால் மிச்சமிருப்பது விறகுக் கட்டை. எண்ணெய் விளையாடும் துடுப்புக்கு வேண்டியது; நூறு வருடத்து மரத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைக்கும். நமக்குப் பெரிய எதிரி காற்று. மழைக்காலத்தில் பனிமூட்டம் மரத்தை ஊற வைக்கிறது. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்து அதே மரத்தை உலர்த்திப் பிளக்கிறது. பங்களாவில் கணப்படுப்புக்கு மேலே துடுப்பை மாட்டி வைப்பது பார்க்க அழகுதான், அதுதான் விரிசலுக்குக் குறுக்கு வழி. வெளிச்சுவரில் சாய்க்காமல், உள் அறையில், வெயில் படாத இடத்தில் படுக்கவையுங்கள். உளுத்த பொடி உதிர்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். காய்ந்த மென்மையான துணியால் துடைப்பது போதும்.

நம்பிக்கை: துரை துடுப்புக்குத்தான் மதிப்பு.

இதை நான் முழுதாக மறுக்கிறேன். இங்கிலாந்துக் கடைத் துடுப்பு அங்கே அருங்காட்சியகங்களில் இருக்கிறது. 1729 என்று ஆண்டு பொறித்த துடுப்பே இலண்டன் ஓவல் மைதானத்தில் பத்திரமாக இருக்கிறது. லயத்தில் வெட்டிய துடுப்பை யார் வைத்திருக்கிறார்கள்? விளையாடித் தேய்ந்ததும் அது அடுப்புக்குப் போனது. பசறையிலோ மடூல்சீமையிலோ ஒரு தாத்தா செய்த மட்டை அட்டத்தில் இன்னும் கிடந்தால், என் கணக்கில் அதுதான் அரிய பொருள்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், துடைப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் செய்தது, எந்த மரம் என்று பெரியவர்களைக் கேட்டு, திகதி போட்டு ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை மட்டையோடு சேர்த்தே வையுங்கள்.