சதையி நொதியச் சிகிச்சை: நோயாளர் அனுபவம்

சதையிச் சாற்றின் பிரதான நொதியங்கள்:
1. அமிலேசு – மாப்பொருளைச் சமிக்கச் செய்யும்.
2. திரிப்சின் – புரதத்தைச் சமிக்கச் செய்யும். (சிறுகுடலிலேயே உயிர்ப்படையும்.)
3. இலிப்பேசு – கொழுப்பைச் சமிக்கச் செய்யும்.

நாட்பட்ட சதையி அழற்சி போன்ற நோய்களில் இவை போதியளவு சுரக்கப்படுவதில்லை.

நோயாளர் உணர்வன
மலம் வெளிறி, எண்ணெய்த்தன்மையுடன் துர்நாற்றம் வீசும், நீரில் மிதக்கும். வயிறு ஊதும். நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலியும். "ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என வீட்டார் கடிந்துகொள்ளும்போது நோயாளி மனம் நோவார். மலத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு வைத்தியரிடம் மறைப்போரும் உளர். இதனால் நோயை அறிவது தாமதமாகும்.

சிகிச்சை
பன்றியின் சதையியிலிருந்து பெறப்படும் நொதியங்கள் கப்சூலாக வழங்கப்படும். உள்ளிருக்கும் சிறு மணிகளின் உறை இரைப்பை அமிலத்தில் கரையாது, சிறுகுடலிலேயே கரையும். "மருந்து பலனளிக்கவில்லை" என்போருள் சிலர் அதனை வெறுவயிற்றில் எடுப்பவராயிருப்பர். உணவோடு எடுக்கத் தொடங்கியதும் வயிற்றுப்போக்கு குறைந்து, நிறை கூடுவதை அவர்கள் காண்பர்.

மாதிரி வினா
(அ) இக்கப்சூலை உணவுடன் எடுப்பது ஏன்?
(ஆ) மென்று விழுங்கக் கூடாதது ஏன்?

விடை
(அ) நொதியம் உணவுடன் கலந்தாலே அதனைச் சமிக்கச் செய்யும்.
(ஆ) மென்றால் உறை உடையும். இரைப்பை அமிலம் இலிப்பேசை அழிக்கும். வாயும் புண்ணாகலாம்.

நினைவிற் கொள்க: இம்மருந்து சதையியைக் குணப்படுத்தாது, சதையியின் வேலையைச் செய்யும். ஆகவே சுகம் கண்டதும் தாமாக நிறுத்தலாகாது.