தொண்டர் கையில் அளவுக்கயிறு

சுக்மா எனப்படும் மலேசிய விளையாட்டுப் போட்டி 1986-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கியது. 2006-இல் அது நமது கெடா மாநிலத்தில் நடைபெற்றது. அத்தகைய அரங்கை எட்ட விரும்பும் இளைஞருக்கு வட்டாரப் போட்டியே முதற்படியாகும். அப்படியை அமைப்போர் பெரும்பாலும் ஊதியம் கருதாத தொண்டர்களே.

கோலா கெத்தில் வட்டாரத் தோட்டங்களில் போட்டி நடத்த முன்வருவோர், திடலை அளக்கும் முறையை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். ஓடுபாதை ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலம் உடையது. வெளிப்பாதையின் வளைவு பெரிதாகையால், அதில் ஓடுபவர் கூடுதல் தொலைவு ஓட நேரிடும். ஆகவே, தத்தம் பாதையிலேயே ஒரு முழுச்சுற்று ஓடும் போட்டியில், இரண்டாம் பாதை முதல் ஒவ்வொரு பாதையின் தொடக்கக் கோட்டையும் அதற்கு உட்பாதையின் கோட்டிலிருந்து ஏறத்தாழ 7.67 மீட்டர் முன்தள்ளி இடவேண்டும். அரைச்சுற்றாயின் அதில் பாதி போதும்.

இக்கணக்கு தவறினால், தகுதியுள்ள பிள்ளையும் சுண்ணாம்புக் கோட்டினால் தோற்கும். மாநிலக் குழுவுக்கான வாய்ப்பும் அத்துடன் கைநழுவும்.

பெயர்ப்பதிவு, நேரக்கணிப்பு, குடிநீர், முதலுதவி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளரை முன்கூட்டியே அமர்த்துங்கள். காலையில் பால்மரம் சீவிய கைகள் மாலையில் அளவுக்கயிறு பிடிக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு நேர்மையான போட்டி கிட்டும்.