மேசையில் ஓடும், களத்தில் நின்றுவிடும்

இங்கிலாந்தில் 'ஆன்ட்வெயிட்' என்றால் 150 கிராம் சண்டை ரோபோ. அமெரிக்காவில் அதே பெயர் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு. நான் கட்டுவது அதற்கு மேல்படியான 'பீட்டில்வெயிட்': மூன்று பவுண்டு, 1.36 கிலோ. இந்த எடையில் ரோபோக்கள் தோற்பதற்கு எதிராளியின் ஆயுதத்தைவிட உள்ளே ஓடும் ஒயரிங்தான் பெரும்பாலும் காரணம் என்பேன். போர்டு கருகுவதைவிட ஏதாவது ஒரு ஜாயின்ட் விட்டுப்போவதுதான் அதிகம்.

ஒயர் அறும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஈயம் ஏறிய பகுதி முடிகிற எல்லையாகத்தான் இருக்கும். ஈயம் ஊறிய இழைகள் ஒரே கம்பியாக விறைத்துவிடுவதால், ஒவ்வொரு இடிக்கும் அந்த விளிம்பில்தான் ஒயர் வளைகிறது. சிலிக்கோன் ஒயர் வாங்குங்கள். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை அந்த எல்லை தாண்டியும் போர்த்துங்கள். ஜாயின்ட் பக்கம் சற்றுத் தளர்வு விட்டு, ஒயரை ஜிப் டை போட்டு சேசிஸோடு கட்டுங்கள். பேட்டரிக்கு எக்ஸ்டி 30 கனெக்டர் போதும். ஜம்பர் ஒயரும் பிரெட்போர்டும் காலேஜ் புராஜெக்டோடு நிற்கட்டும்.

முதன்முதலில் பவர் கொடுக்கும்போது பேட்டரியை நேரே சொருகாதீர்கள். வீட்டு எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சீரிஸ் போர்டின் தத்துவமே இங்கும் உதவும். 12 வோல்ட், 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை பாசிட்டிவ் ஒயரில் தொடராகப் போடுங்கள். ஒரு கணம் மின்னி அணைந்தால் சரி. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் எங்கோ ஷார்ட். பல்பு இரண்டு ஆம்பியருக்குமேல் விடாது என்பதால் மோட்டாரை இயக்கும் இஎஸ்சி போர்டு பிழைத்துக்கொள்ளும். மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் முன் பல்பைக் கழற்றிவிடுங்கள்.

ஆயுதத்தைச் சுழற்றியதும் ரோபோ முழுவதும் செத்து, ஓரிரு நொடியில் உயிர்பெறுகிறதா? பலரும் ரிமோட்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் மோட்டார் இழுக்கிற கரண்டில் பேட்டரி வோல்டேஜ் சரிகிறது. ரிசீவருக்கு 5 வோல்ட் தரும் பிஇசியும் கூடவே சரிய, ரிசீவர் ரீஸ்டார்ட் ஆகிறது. அதிக கரண்ட் தரக்கூடிய (அதிக சி-ரேட்டிங் உள்ள) பேட்டரி, தடித்த ஒயர், த்ராட்டிலை மெதுவாக ஏற்றும் விரல் ஆகியவை இதைப் பெரும்பாலும் தீர்க்கும். இரண்டு இஎஸ்சியிலும் பிஇசி இருந்தால், ஒன்றின் சிவப்பு ஒயரை மட்டும் ரிசீவர் பிளக்கிலிருந்து உருவி ஸ்லீவ் போட்டுவிடுங்கள். கறுப்பு ஒயர் இருக்கவேண்டும்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஓடவில்லையென்றால் புது மோட்டார் வாங்க ஓடாதீர்கள். இடது, வலது மோட்டார் ஒயர்களை மாற்றிக் கொடுங்கள். கோளாறு அதே சக்கரத்தில் நின்றால் மோட்டார். மறுபக்கச் சக்கரத்துக்கு மாறினால் இஎஸ்சி அல்லது ரிசீவர் சேனல். பிரஷ்லெஸ் மோட்டார் சுழலாமல் திக்கித் திக்கி நடுங்கினால், மூன்று ஒயரில் ஒன்று விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் போதும்.

மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை மட்டும் நம்பமுடியாது. ஈயம் சரியாக ஒட்டாத 'டிரை சால்டர்' ஜாயின்ட்டும் மேசையில் அசையாமல் இருக்கும்வரை பீப் அடிக்கும். ஆயுதத்தின் பிளேடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தரையில் படாமல் உயர்த்தி, ஓடவிட்டபடியே ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேசிஸைத் தட்டுங்கள். ஒவ்வொரு ஒயராக மெல்ல இழுத்துப் பாருங்கள். களத்தில் வரப்போகும் கோளாறு இங்கேயே வெளிப்படும். அதே நிலையில் ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சக்கரம், ஆயுதம் இரண்டும் நிற்கவேண்டும். நிற்காத ரோபோவைப் போட்டிகளில் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதுதான் நியாயம்.

கடைசியாக லிப்போ பேட்டரி. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. எடுத்துவைக்கும்போது 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். அடிபட்ட பேட்டரியை உடனே சார்ஜ் போடாதீர்கள். உப்பியிருந்தால் இன்னொரு ரவுண்டு தாங்குமா என்று யோசிக்கவே வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள்.